முட்டை விலையில் தொடங்கும் காதல்: பழைய ஜப்பானியப் படம் ஒன்றைப் பார்க்கப் பழகுவது

ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று ஒரு சிறுநகரத்தின் தெருக்களைச் சுற்றி வருகிறது. அன்றைக்குப் பிரபலமாக இருந்த சினிமாப் பாட்டு போல ஏதோ ஒன்று அலறுகிறது. நடுநடுவே சூப்பர்மார்க்கெட்டின் மலிவு விற்பனை அறிவிப்பு. கடைத்தெருவில் முட்டை ஒன்று 11 யென், சூப்பர்மார்க்கெட்டில் 5 யென். சின்னக் கடைக்காரர்கள் முகம் செத்துப்போய் நிற்கிறார்கள்.

இது ஒரு காதல் படத்தின் தொடக்கம். நான் முதல் தடவை பார்த்தபோது, தப்பான படத்தைப் போட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன். கடைக்கணக்கு, அக்கம்பக்கத்துப் புலம்பல், குடும்பத்துக்குள் சொத்துப் பேச்சு. காதல் எங்கே? ஒரு வருடம் கழித்து மறுபடி உட்கார்ந்தபோதுதான் புரிந்தது, காதல் முதல் காட்சியிலிருந்தே அங்கே இருந்தது. எங்கே பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தைக் காட்டத்தான் இந்தக் கட்டுரை.

படத்தின் பெயர் 'மிதரெரு'. வெளிவந்தது 1964 ஜனவரியில். இயக்கியவர் மிக்கியோ நருசே. தோஹோ நிறுவனத் தயாரிப்பு, கறுப்பு வெள்ளை, அகலத்திரை, ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நம்மில் உலக சினிமா பார்க்கிறவர்களுக்கு ஜப்பானிய இயக்குநர்களில் குரசோவா தெரியும், ஓஸு ஓரளவு தெரியும். நருசே என்றால் 'யார்?' என்பார்கள். இத்தனைக்கும் 1930 முதல் 1967 வரை எண்பதுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தவர். தொடக்கக் காலத்தில் அவரும் ஓஸுவும் வேலை பார்த்த ஷோச்சிக்கு ஸ்டூடியோவின் தலைவர், 'எங்களுக்கு இரண்டு ஓஸு தேவையில்லை' என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. நருசே வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். நல்லதாகப் போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் இன்னொரு ஓஸு இல்லை. ஓஸுவின் மனிதர்கள் கடைசியில் எதையாவது ஏற்றுக்கொண்டு அமைதியாகிவிடுவார்கள். நருசேயின் மனிதர்களுக்கு அந்த அமைதி வாய்ப்பதில்லை.

'மிதரெரு' என்பது ஒரு வினைச்சொல். தலைமுடி கலைவதற்கும் அதைச் சொல்லலாம், வரிசை குலைவதற்கும் சொல்லலாம், மனம் தடுமாறுவதற்கும் சொல்லலாம். தமிழில் ஒரே சொல்லில் கேட்டால் 'குலைதல்' கிட்டத்தட்ட வரும். ஆங்கிலத்தில் 'ஏக்கம்' என்று பொருள்படும் பெயரை வைத்திருக்கிறார்கள். அது காதல் படத்துக்குப் பொருந்துகிற பெயர்தான், ஆனால் பாதி விஷயம் காணாமல் போகிறது. இந்தப் படத்தில் குலைவது மனசு மட்டும் இல்லை. ஒரு கடைத்தெருவும் குலைகிறது, ஒரு வீடும் குலைகிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இடம் ஷிஸுவோக்கா மாநிலத்துத் துறைமுக ஊரான ஷிமிஸு. ரெய்கோ போர்க்காலத்தில் அந்த ஊர்க் கடை ஒன்றுக்கு மருமகளாக வந்தவள். மணமாகி ஆறு மாதத்தில் கணவன் போரில் இறந்துவிட்டான். குண்டுவீச்சில் கடையும் எரிந்தது. தகரக்கொட்டகை போட்டு அதை மறுபடி எழுப்பி, மாமியாரையும் கணவனின் தங்கைகளையும் தம்பியையும் காப்பாற்றி, பதினெட்டு வருடம் அந்தக் கடையை அவளே நடத்துகிறாள். தங்கைகள் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தம்பி கோஜிக்கு இப்போது 25 வயது. கல்லூரி முடித்து ஒரு கம்பெனியில் சேர்ந்து, அதையும் விட்டுவிட்டு வந்து, குடி, சூதாட்டம், அடிதடி என்று சுற்றுகிறான். ரெய்கோ அவன் வீட்டுக்கு வந்தபோது அவன் சின்னப் பையன். இப்போது அவளைக் காதலிக்கிறான். வேலையை விட்டதற்கே அதுதான் காரணம். வெளியூருக்கு மாற்றினார்கள், அவளை விட்டுப் போக அவனால் முடியவில்லை.

இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு சங்கடம் வரும். அண்ணி என்றால் அம்மாவுக்குச் சமம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சங்கடத்தை அப்படியே எடுத்துக்கொண்டு ஜப்பானுக்குப் போகாதீர்கள். போரில் இறந்தவனின் மனைவியை அவன் தம்பிக்கே மணம் செய்துவைப்பது அங்கே சில குடும்பங்களில் நடந்ததுதான். ஆகவே 'இது நடக்கவே கூடாத பாவம்' என்ற அளவுக்கு அங்கே சுவர் உயரம் இல்லை. கதவு ஒருக்களித்துத்தான் இருக்கிறது. உள்ளே போக முடியாமல் இருப்பவள் ரெய்கோதான்.

ஏன் முடியவில்லை? பழைய ஜப்பானியக் காதல் படங்களைப் பார்க்க மூன்று ஜப்பானியச் சொற்களைத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும் என்பது என் அனுபவம். 'கிரி' என்றால் கடப்பாடு: செய்தே ஆக வேண்டியது, நன்றிக்கடன், முறை. 'நிஞ்ஜோ' என்றால் மனிதனுக்கு இயல்பாக எழும் உணர்ச்சி, ஆசை. இரண்டும் மோதும் இடத்தில்தான் எத்தனையோ ஜப்பானிய நாடகங்களும் படங்களும் பிறந்திருக்கின்றன. மூன்றாவது சொல் 'ஸெகென்'. அதை விளக்கவே வேண்டாம். நாம் 'நாலு பேர்' என்கிறோமே, அந்த நாலு பேர்தான். அங்கேயும் அவர்கள் அதே தெருவில்தான் குடியிருக்கிறார்கள், அதே வேலையைத்தான் பார்க்கிறார்கள்.

ரெய்கோவின் சிக்கல் இந்த மூன்றையும் தாண்டியது. பதினெட்டு வருட உழைப்பு வீண் இல்லை என்று அவள் நம்ப வேண்டியிருக்கிறது. ஆறு மாதமே வாழ்ந்த கணவனுக்காகத்தான் இத்தனையும் என்று அவள் தனக்கே சொல்லிவைத்திருக்கிறாள். கோஜிக்குச் சரி என்று சொன்னால் அந்தப் பதினெட்டு வருடத்துக்கும் வேறு அர்த்தம் வந்துவிடும். கடையை இவ்வளவு நாள் கட்டிக்காத்தது யாருக்காக என்ற கேள்வி எழும். அதைக் கேட்பது ஊரா அவளேயா என்பதுகூட முக்கியமில்லை.

அப்புறம் அந்த முட்டை. காதல் படத்தில் அது எதற்கு?

ஜப்பானில் வாடிக்கையாளரே பொருளை எடுத்துக்கொள்ளும் முதல் கடை தோக்கியோவின் அவோயாமாவில் 1953இல் வந்தது. ஓசாக்காவில் தைஎய் நிறுவனம் முதல் கடையைத் திறந்தது 1957இல். அடுத்த சில வருடங்களில் சூப்பர்மார்க்கெட்டுகள் சின்ன ஊர்களுக்கும் வந்துவிட்டன. நருசே இந்தப் படத்தை எடுத்தபோது இது செய்தித்தாள் விஷயம். படத்தில் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் தாக்குப்பிடிக்க முடியாமல் தூக்கில் தொங்குகிறார். இன்னொரு காட்சியில், சூப்பர்மார்க்கெட் ஆட்கள் மதுவிடுதியில் அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு அவித்த முட்டை தின்னும் போட்டி வைக்கிறார்கள். யார் நிறையத் தின்கிறார்களோ அவர்களுக்குக் காசு. கோஜி அதைப் பார்த்துக் கொதித்துப்போய் சண்டை போடுகிறான். விலைபோகாத முட்டையைப் பற்றி ஊரே அழுதுகொண்டிருக்கும்போது, அதே முட்டை அங்கே விளையாட்டுப் பொருளாகிறது. வசனம் எதுவும் இதை விளக்காது. பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கோஜிக்கு ஒரு யோசனை வருகிறது: நம் கடையையே சூப்பர்மார்க்கெட் ஆக்கிவிடலாம், அண்ணியை அதில் இயக்குநராகப் போடலாம். அவன் அக்காக்களுக்கு முதல் பாதி பிடிக்கிறது, இரண்டாவது பாதி பிடிக்கவில்லை. அண்ணி என்ன இருந்தாலும் வெளியிலிருந்து வந்தவள்தானே. வேறு நல்ல இடமாகப் பார்த்து அவளைக் கட்டிக்கொடுத்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. எவ்வளவு அன்பாக, எவ்வளவு மரியாதையாக அவளை வெளியே தள்ளுகிறார்கள் என்று பாருங்கள். ஒருவர்கூடக் குரலை உயர்த்துவதில்லை. எனக்கு இந்தப் படத்தில் ரத்தம் கொதித்த இடம் இதுதான், சாவு நடக்கும் இடம்கூட இல்லை.

ஆக, காதலும் வியாபாரமும் தனித்தனிக் கதைகள் அல்ல. சூப்பர்மார்க்கெட் வராவிட்டால் கடை மாறாது. கடை மாறாவிட்டால் ரெய்கோ அங்கேயே இருந்திருப்பாள். அவள் இருந்தால் கோஜியும் வாயைத் திறக்காமலே காலத்தை ஓட்டியிருப்பான். சாதாரணக் குடும்பங்களின் அன்றாடத்தைச் சொல்லும் இந்த வகைப் படங்களை ஜப்பானில் 'ஷோமின் கெகி' என்பார்கள். அந்த வகையில் நருசேயின் முத்திரை காசு. அவருடைய கதாபாத்திரங்கள் கையில் எவ்வளவு இருக்கிறது, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று ஓயாமல் எண்ணிக்கொண்டே இருப்பார்கள். அவரே ஏழைக் கைவினைஞர் வீட்டில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, ஸ்டூடியோவில் தட்டுமுட்டுச் சாமான் எடுத்துவைக்கும் ஆளாக நுழைந்தவர். காதலுக்கும் வாடகை கொடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் படத்தில் காதலைப் பேச்சில் தேடாதீர்கள், தூரத்தில் தேடுங்கள்.

இருவருக்கும் நடுவில் எத்தனை அடி இருக்கிறது? யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார்? ஒருவர் பேசும்போது மற்றவர் எந்தப் பக்கம் பார்க்கிறார்? நருசே அகலத்திரையை இதற்குத்தான் பயன்படுத்துகிறார். மற்றவர்கள் போர்க்களமும் மலைத்தொடரும் காட்டிய அந்த அகலத்தில், இவர் ஒரு கடையின் உள்கட்டைக் காட்டுகிறார்: இந்த ஓரத்தில் அவள், அந்த ஓரத்தில் அவன், நடுவில் பெட்டிகளும் பாட்டில்களும். அந்த நடு இடம்தான் கதை. இதனாலேயே இதைக் கைப்பேசியில் பார்க்க வேண்டாம் என்கிறேன். சின்னத் திரையில் தூரம் சுருங்கிவிடும்; வெறும் வசனம்தான் மிஞ்சும்.

கோஜி தன் காதலைப் போட்டு உடைக்கும் காட்சியைப் பாருங்கள். அதற்கு முன்பு அவள் அவனைத் திட்டுகிறாள், சாப்பாடு எடுத்துவைக்கிறாள், போலீஸ் ஸ்டேஷனிலிருந்து மீட்டு வருகிறாள். எல்லாம் கிட்டத்தில் நின்று, யோசனையே இல்லாமல் செய்கிற காரியங்கள். சொன்ன பிறகு அதே வீடு, அதே வேலை, ஆனால் அவளுக்கு நடக்கத் தெரியாமல் போய்விடுகிறது. அவன் பக்கத்தில் வந்தால் நகர்கிறாள். அவன் காலடிச் சத்தத்துக்குத் திரும்புகிறாள். நேற்றுவரை இல்லாத ஒரு கவனம் அவள் உடம்பில் குடியேறுகிறது. அவன் அவளைத் தொடக்கூட இல்லை.

இதை நடிப்பது ஹிதெகோ தகமினே. 1924இல் பிறந்தவர், ஐந்து வயதிலேயே திரைக்கு வந்தவர், நருசேயுடன் மட்டும் பதினேழு படங்கள். இந்தப் படத்துக்காக 1964 லொகார்னோ திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. திரைக்கதை எழுதிய ஸென்ஸோ மத்சுயாமா அவருடைய கணவர். நருசே படப்பிடிப்பில் அதிகம் பேச மாட்டார். திரைக்கதை கைக்கு வந்ததும் தேவையில்லாத வசனங்களை அடித்துக்கொண்டே போவார். இருவர் பேசும் காட்சி என்றால், ஒருவர் பக்கத்து ஷாட்டுகளை எல்லாம் சேர்த்து எடுத்துவிட்டு, அப்புறம் மற்றவர் பக்கத்தை எடுப்பது அவர் பழக்கம். எதிரே ஆள் இல்லாமல் துண்டு துண்டாக நடிக்க வேண்டும். எங்கே எது ஒட்டும் என்பது அவர் மண்டைக்குள் மட்டும்தான் இருக்கும். முடிந்த படத்தில் அந்தப் பார்வைகள் ஒன்றோடொன்று உரசிக்கொள்வதைப் பார்த்தால், இப்படித்தான் எடுத்தார்களா என்று நம்பக் கஷ்டமாக இருக்கும்.

கோஜியாக வருபவர் யூஸோ கயாமா. அப்போது தோஹோவின் ஜாலியான இளைஞர் பட வரிசை ஒன்றில் கொடிகட்டிப் பறந்த நட்சத்திரம், பாட்டும் பாடுவார். அந்தச் சூரியப் பையனைக் கொண்டுவந்து இந்த இருட்டுக் கடைக்குள் நிறுத்தியது சரியான தேர்வு. அவன் போருக்குப் பின் வளர்ந்த தலைமுறை. பிடித்தால் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்று நினைக்கிறவன். அவள் அப்படிச் சொல்லக் கற்றுக்கொள்ளாதவள்.

சப்டைட்டில் பற்றியும் ஒரு வார்த்தை. கோஜி அவளை 'நேசான்' என்கிறான். கூடப்பிறந்த அக்காவுக்கும் அதே சொல்தான், அண்ணிக்கும் அதே சொல்தான். ஆங்கில சப்டைட்டிலில் இந்த மாதிரி முறைச்சொற்கள் பெரும்பாலும் பெயராக மாறிவிடும், அல்லது மறைந்துவிடும். நமக்கு இதில் ஒரு வசதி: காதால் கேட்டுக்கொண்டே வந்தால், அவன் ஒவ்வொரு தடவை அழைக்கும்போதும் 'அண்ணி' என்று நாமே போட்டுக்கொள்ளலாம். காதலைச் சொல்லும் வாயே அந்தச் சொல்லையும் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் உறைக்கும்.

இனி முடிவைப் பற்றிப் பேசப்போகிறேன். படத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

'எனக்குப் பிடித்த ஒருவர் வேறு ஊரில் இருக்கிறார்' என்று பொய் சொல்லிவிட்டு ரெய்கோ வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். போக வேண்டிய இடம் வடக்கே யாமகாத்தா மாநிலத்தில் அவள் பிறந்த ஊரான ஷின்ஜோ. ரயில் புறப்பட்ட பிறகு பார்த்தால் கோஜியும் அதே வண்டியில் நிற்கிறான். கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன் என்கிறான்.

இதற்கு அப்புறம் வரும் ரயில் காட்சிக்காகவே இந்தப் படத்தைச் சிபாரிசு செய்வேன். வண்டி நிறையக் கூட்டம். அவனுக்கு அவள் பக்கத்தில் இடமில்லை, எங்கோ தள்ளி இருக்கிறான். ஆட்கள் இறங்க இறங்க இடம் மாறுகிறான். ஒவ்வொரு தடவை காட்சி அவனிடம் திரும்பும்போதும் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிறான். பேச்சு கிட்டத்தட்டக் கிடையாது; ஒரு பார்வை, ஒரு சிரிப்பு. கடைசியில் அவளுக்கு நேர் எதிரே வந்து உட்காருகிறான். இத்தனை வருடத்துத் தூரம் ஒரு ரயில் பெட்டியில் இருக்கை இருக்கையாகக் கரைகிறது. கடையில் நாம் பார்த்தே இராத மாதிரி அவள் சிரிக்கிறாள். ஊரும் கடையும் ஸெகெனும் பின்னால் போய்விட்டன, முன்னால் இருப்பது இன்னும் வரவில்லை. இருவருக்கும் சொந்தமான ஒரே இடம் அந்த ஓடும் பெட்டிதான்.

ஒரு சின்ன விஷயம்: படம் வந்த அதே 1964 அக்டோபரில்தான் தோக்கியோவுக்கும் ஓசாக்காவுக்கும் நடுவே ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது. 1999இல் அது ஷின்ஜோ வரைக்கும் போய்விட்டது. இன்றைக்கு தோக்கியோவிலிருந்து மூன்றரை மணி நேரம், முன்பதிவு செய்த இருக்கை. இந்தக் காட்சியை இன்று எடுக்க முடியாது. நகர்ந்து நகர்ந்து வருவதற்கு அவனுக்கு நேரமும் இருக்காது, காலி இடமும் இருக்காது.

இரவு கழிகிறது. அவன் தூங்கிப்போகிறான். அந்தத் தூங்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் அழத் தொடங்குகிறாள். அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடலாம் என்று அவளே சொல்கிறாள். படம் முழுக்க அவளாக எடுத்துவைத்த ஒரே அடி இது.

இறங்கிப் போகும் இடம் கின்ஸான் வெந்நீர் ஊற்று. 'வெள்ளி மலை' என்று பெயர்; ஒரு காலத்தில் வெள்ளிச் சுரங்கம் இருந்த பள்ளத்தாக்கு. சின்ன ஆறு ஒன்றின் இரு கரையிலும் மூன்று நான்கு மாடி மரக்கட்டட விடுதிகள். பின்னாளில் 'ஓஷின்' என்ற தொலைக்காட்சித் தொடரால் இன்னும் பிரபலமாகி, இப்போது பனிக்காலத்தில் படமெடுக்க வருகிறவர்களால் நிரம்பி வழிகிறது. 1964இல் அது ஒதுக்குப்புறமான மலையூர்.

விடுதி அறையில் ரெய்கோ ஒரு துண்டுக் காகிதத்தைத் திரித்து அவன் விரலில் கட்டிவிடுகிறாள். காலை வரைக்கும் அவிழ்க்காதே என்கிறாள். மோதிரம் என்று யாரும் சொல்வதில்லை. அவன் அணைக்க வரும்போது ஒரு கணம் இணங்குகிறாள், பிறகு தள்ளிவிடுகிறாள். ரயிலில் இல்லாமல் போன தூரம் ஒரே நொடியில் திரும்ப வந்துவிடுகிறது. அவன் வெளியே போய்க் குடிக்கிறான். இரவு திரும்பி வரவில்லை.

காலையில் விடுதி ஜன்னல் வழியே பார்க்கிறாள். பாறையிலிருந்து விழுந்து இறந்த ஒருவனைச் சிலர் தூக்கிக்கொண்டு போகிறார்கள். உடல் மூடியிருக்கிறது, ஒரு கை மட்டும் வெளியே தொங்குகிறது. விரலில் காகிதத் திரி. விழுந்தானா, குதித்தானா? படம் சொல்லவில்லை. நண்பர்களோடு இதைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறேன். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் என் கட்சி மாறிவிடுகிறது.

இது ரொம்ப நாடகத்தனமான முடிவு என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முட்டை விலையை அவ்வளவு நுணுக்கமாகக் காட்டிய கை, கடைசியில் ஒரு சாவைக் கொண்டுவந்து போடுகிறது. ஆனால் நருசே அந்தச் சாவின் பக்கம் நிற்பதில்லை. அவருக்கு வேண்டியது அதற்கு அடுத்த சில நொடிகள்.

ரெய்கோ ஓடுகிறாள். ஆற்றங்கரைத் தெருவில், விடுதிகளைத் தாண்டி, தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பிடிக்க ஓடுகிறாள். அவர்கள் தூரத்தில் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஒரு இடத்தில் அவள் நின்றுவிடுகிறாள். கேமரா அவள் முகத்துக்கு வருகிறது. இங்கே வேறு ஒருவர் என்றால் அழவைத்திருப்பார், ஆற்றையோ மலையையோ காட்டி முடித்திருப்பார். நருசே அந்த முகத்தைத் தவிர வேறெதையும் காட்டுவதில்லை. மூச்சு வாங்குகிறது. ஏதோ ஒன்று அந்த முகத்தில் உடைகிறது, பிறகு மெல்ல இறுகுகிறது. பதினெட்டு வருடம் கடைவாசலில் ஒழுங்காக வாரி முடித்திருந்த தலைமுடி கலைந்து நெற்றியில் கிடக்கிறது. முகத்தின் மேலேயே படம் முடிந்துவிடுகிறது.